அந்த மாடலுக்கு வராது

போன் சர்வீஸ் சென்டரில் கவுண்டர் பெண் நம்பர் கூப்பிடும்போதெல்லாம் மருதமுத்து அவள் வாயைப் பார்க்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் கால்களைத்தான் பார்த்தார். யாருடைய கால் உள்ளே இழுபட்டு எழத் தயாராகிறதோ, அவருடைய நம்பர். யார் காலும் அசையாமல், எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் அது தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். உடனே எழுந்துவிடலாம், ஏதோ யோசனையில் இருந்துவிட்டவரைப் போல. இந்த வித்தையை அவர் ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் பழகி வைத்திருந்தார், இதுவரை அது அவரைக் காட்டிக் கொடுத்ததில்லை. நம்பரைக் காட்டுவதற்கென்று சுவரில் பெரிய டிவி ஒன்று இருக்கத்தான் இருந்தது. அதில் நம்பர் வரவில்லை, புதுப் போன் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் போனில் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள், அவள் பேசப் பேச எதிர்முனையில் இருக்கிறவனின் திரையில் அது அத்தனையும் தமிழ் எழுத்தாக விழுகிறது. அவன் காதில் வைத்துக் கேட்கவேயில்லை, உள்ளங்கையில் வைத்துப் படிக்கிறான். படித்துவிட்டுச் சிரிக்கிறான். மறுபடி முதலிலிருந்து அவள் பேசுகிறாள். காலையிலிருந்து எத்தனை தடவை பார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் சட்டைப்பையில் இருக்கும் தன் போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதே கம்பெனிதான். அதே பேர்தான், கடைசியில் ஒட்டியிருக்கும் எண் மட்டும் வேறு. அதற்குள்ளே ஞாயிற்றுக்கிழமை இருந்தது. மகள் செவ்வந்தி பேசியது முழுக்க இருந்தது. எடுத்துப் படிக்கத்தான் வழியில்லை.

மகள் பேசியதை மகளிடமே திருப்பிக் கேட்டால் முடிந்துபோகிற விஷயம். என்னம்மா சொன்னே, அப்பாவுக்குச் சரியா விளங்கலை. அவ்வளவுதான். அவ்வளவைச் சொல்லத்தான் இரண்டு வருஷமாக நா எழவில்லை. துவாக்குடிப் பக்கம் ஆலையில் தகடு தட்டுகிற பிரிவில் ஆயுசுக்கும் நின்றவர். அங்கே காதுக்கு அடைப்பான் கொடுத்தார்கள், அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நிற்பதுதான் ஆம்பிளைக்கு அழகு என்று அந்தக் காலத்தில் ஒரு நினைப்பு. இப்போது சத்தம் வருகிறது, சொல் வருவதில்லை. அதிலும் பெண்கள் பேசினால் ஏதோ நீளமாக இழுபடுகிறது, நடுவில் இருக்க வேண்டியதெல்லாம் உதிர்ந்துவிடுகிறது. காதுக்கு மெஷின் வாங்கியாயிற்று. தட்டு வைத்தால் இடி விழுகிறது, போனைப் பக்கத்தில் கொண்டு போனால் விசில் அடிக்கிறது. அது பீரோவில் தூங்குகிறது. செவ்வந்திக்குத் தெரிந்தால் என்ன செய்வாள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தனியா எப்படி இருப்ப, கேஸ் அடுப்ப நிறுத்தினியான்னு யாரு பாக்கறது, இங்க வந்துடு என்பாள். புனேயில் மாப்பிள்ளை வீட்டு ஹாலில், சோபா ஓரத்தில், யார் என்ன பேசினாலும் பல்லைக் காட்டிக்கொண்டு, ஒரு மூட்டையாக உட்கார்ந்திருக்க அவரால் ஆகாது. மாப்பிள்ளை மரியாதையானவர்தான். போனில் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தியிருந்தால் கேட்டிருக்குமே என்று நினைத்துத் தானே சிரித்துக்கொண்டார், பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மனைவி லோகாம்பாள் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. மகளிடமிருந்து போன் வந்தால் அவர் எடுப்பார், "என்னம்மா, நல்லா இருக்கியா, இந்தா அம்மாகிட்ட பேசு" என்று கொடுத்துவிடுவார். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து அதுதான் வழக்கம், எந்த வீட்டில் அப்பன்கள் பெண்ணிடம் போனில் பேசியிருக்கிறார்கள். அவர் பேப்பர் படிப்பார். எதிரே லோகாம்பாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, "ம்… ம்… ஆமாம்மா… சரி சரி… உடம்பப் பாத்துக்கோ… எல்லாம் போகப் போகச் சரியாயிடும்" என்பாள். வைத்த பிறகு, "என்னவாம்?" என்று இவர் கேட்பார். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்பாள். உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டுவாள். அவள் போன பிறகு போன் இவர் கையிலேயே தங்கிவிட்டது, கொடுப்பதற்கு ஆள் இல்லை. பேசித்தான் ஆக வேண்டும், பேச என்ன இருக்கிறது? அவள் பேசிய நாலைந்து வார்த்தை இருந்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டார். மகள் இழுத்துப் பேசினால் 'ம்', குரல் மேலே போனால் 'ஆமாம்மா', இடைவெளி விட்டால் 'சரி சரி', பெருமூச்சு விட்டால் 'உடம்பப் பாத்துக்கோ', நீளமான இடைவெளி விட்டால் 'போகப் போகச் சரியாயிடும்'. எந்தப் பேச்சுக்கும் பொருந்தியது. மழை பெய்கிறது என்றாலும் பொருந்தும், வேலைக்காரி வரவில்லை என்றாலும் பொருந்தும். இத்தனை நாளும் ஒரு தடவைகூட மகளுக்குச் சந்தேகம் வந்ததில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது அவருக்கு, ஊரை ஏமாற்றுகிறவனுக்கு இருக்கிற பெருமை.

ஞாயிற்றுக்கிழமை அப்படி இல்லை. செவ்வந்தி எப்போதும் மூச்சுவிடாமல் பேசுகிறவள், அன்று நிறுத்தி நிறுத்திப் பேசினாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இவர் கையில் இருந்த நாலைந்து வார்த்தையில் ஒன்றைப் போட்டார். கடைசியில் ஒரு இடைவெளி வந்தது. போன் கட்டாகிவிட்டதோ என்று எடுத்துப் பார்க்கிற அளவுக்கு. நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மறுபடி காதில் வைத்தபோது அவள் ஏதோ சின்னதாகச் சொன்னாள், இவர் 'ஆமாம்மா' என்றார், இன்னும் ஏதோ சொன்னாள், போன் அடங்கிவிட்டது. எப்போதும் வைப்பதற்கு முன்னால் வழக்கமாக ஒரு பாட்டு பாடுவாள், 'மாத்திர போட்டியா, கதவ சாத்திக்கோ, வச்சிடறேன்பா' என்று. அந்த இழுவை இவருக்குச் சொல் கேட்காமலே தெரியும். அது வரவில்லை. புதன்கிழமை கூப்பிடுகிறவள் கூப்பிடவில்லை. இவர் கூப்பிட்டால் எடுக்கவில்லை. காலை வணக்கம் என்று ரோஜாப்பூப் படம் அனுப்பினார், பார்த்துவிட்டாள் என்று நீலக்கோடு வந்தது, பதில் வரவில்லை. 'சாப்டியாம்மா' என்று அடித்தார். ஒரு கட்டைவிரல் வந்தது. கட்டைவிரலை வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் என்ன செய்வது? சந்தோஷக் கட்டைவிரலா, கோபக் கட்டைவிரலா. மஞ்சளாக, உருண்டையாக, யாருடையதும் இல்லாத ஒரு விரல். வயிற்றில் ஏதாவது உண்டாகியிருக்கிறது என்று சொன்னாளோ, இவர் 'உடம்பப் பாத்துக்கோ' என்றது பொருத்தம்தானே. வேலையை விட்டுவிட்டேன் என்றாளோ. டாக்டர் ஏதாவது சொல்லிவிட்டாரோ. லோகாம்பாளுக்கும் முதலில் ஒரு கட்டியாகத்தான் இருந்தது. அந்த இடத்துக்கு யோசனை போனதும் அவர் வெடுக்கென்று அதைப் பிடித்து இழுத்தார், அது போகவே பார்த்தது.

பேச்சு மொத்தமும் போனில் பதிவாகியிருந்தது. வருகிற போகிற எல்லா அழைப்பையும் தானாகவே பிடித்து வைத்துக்கொள்ளும்படி செவ்வந்திதான் போட்டுக் கொடுத்திருந்தாள், எவனாவது பேங்க்கிலிருந்து என்று ஏமாற்றினால் ஆதாரமாக இருக்கட்டும் என்று. அதைப் போட்டுக் கேட்டார். முழுச் சத்தம் வைத்துக் கேட்டார். மெஷினை மாட்டிக்கொண்டு, கழற்றிவிட்டு, போர்வைக்குள் போய், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு. எவர்சில்வர் சொம்புக்குள் போனை இறக்கி வாயில் காதை வைத்துக்கூடப் பார்த்தார். சத்தம் பெரிதாயிற்று, பேச்சு பெரிதாகவில்லை. மகள் குரல் சொம்புக்குள்ளே சுற்றிச் சுற்றி வந்தது, நடுவில் தன்னுடைய குரல் மட்டும் தெளிவாக, சரி சரி, சரி சரி. எதிர்வீட்டு ஆளைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லலாம். அவள் என்ன சொல்லியிருக்கிறாள் என்று தெரியாமல் அவள் பேச்சை இன்னொருத்தன் காதில் எப்படிக் கொட்டுவது? அப்போதுதான் வீட்டு டிவியில் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது. கூடவே போனும் 'புதிய பதிப்பு தயார்' என்று மினுக்கியது. சாமி கும்பிட்டுவிட்டுத்தான் அழுத்தினார். மணிக்கணக்கில் சுற்றியது. கடைசியில் கடிகாரத்தின் எழுத்து தடியாகியிருந்தது, பொத்தான்களுக்கெல்லாம் மூலை உருண்டையாகியிருந்தது, எங்கோ இருந்த டார்ச் வேறெங்கோ போயிருந்தது. பேச்சை எழுத்தாக்குகிறது மட்டும் இல்லை. போனுக்குள் இருந்த எல்லா அறைக்குள்ளும் போய்த் தேடினார். இல்லை.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருதமுத்து எழுந்தார்.

கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண்ணின் சட்டையில் பெனிட்டா என்று குத்தியிருந்தது. கண்ணாடித் தடுப்பு வேறு. அவர் போனை நீட்டி, டிவியைக் காட்டி, தனக்கு வேண்டியதைச் சொன்னார். தான் சத்தமாகப் பேசுகிறோம் என்பது நாற்காலிக்காரர்கள் நிமிர்ந்த பிறகுதான் தெரிந்தது. அவள் போனை வாங்கி இரண்டு தடவை தள்ளிப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். உதடு பிதுங்கியது கேட்டது. "கொஞ்சம் நேரா பாத்து சொல்லும்மா" என்றார். அவள் நல்ல பெண், நேராகப் பார்த்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள். "சார், அந்த மாடலுக்கு வராது." "அப்டேட் பண்ணினேனேம்மா. புதுசுதானே அது?" "அப்டேட் வரும் சார். இந்த ஃபீச்சர் மட்டும் வராது. உங்களுக்கு அடுத்த மாடல்லேர்ந்துதான் குடுத்திருக்காங்க." "இதால முடியாதா?" அவள் யோசித்தாள். "முடியாதுன்னு இல்ல சார்…" "முடியும்னா ஏன் குடுக்கல?" "கம்பெனில குடுக்கல சார்." அவருக்குப் பின்னால் நின்றிருந்த தாடிக்காரர் ஒருவர், வாத்தியார்போல இருந்தவர், முன்னால் வந்து இவர் காதுக்குப் பக்கத்திலேயே சொன்னார்: "ரெண்டுலயும் உள்ள இருக்கறது ஒரே சாமான்தாங்கறாங்க சார். வேணும்னேதான் குடுக்க மாட்டேங்கறான். அப்பத்தானே புதுசு விக்கும்." பெனிட்டா, "அப்படில்லாம் இல்ல சார், பழசுல போட்டா சூடாகும், பேட்டரி நிக்காதும்பாங்க" என்றாள். தாடிக்காரர், "ஆமா, நல்லா காதுல பூ சுத்துங்க" என்றார். இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார் மருதமுத்து. எது உண்மை என்று அந்தப் பெண்ணுக்கே தெரியாது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. தாடிக்காரருக்கும் தெரியாது, யாரோ சொன்னதைத்தான் சொல்கிறார். தெரிந்தவன் எங்கோ ஏழு கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறான், அவனைப் பார்க்க டோக்கன் கிடையாது. "நீங்க வேணா எக்ஸ்சேஞ்ச்ல போட்டுக்கலாம் சார், அந்தப் பக்கம் டெமோ இருக்கு, பாருங்க" என்று அவள் கையைக் காட்டிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள்.

முடியாதா, குடுக்கலையா. இந்த இரண்டும் ஒன்றா? முடியாது என்றால் பாவம் என்று விட்டுவிடலாம். பழசு, தேய்ந்துவிட்டது, அதைக் குற்றம் சொல்லி என்ன செய்ய, தடவிக் கொடுத்து மூலையில் வைக்கலாம். இருந்தும் குடுக்கவில்லை என்றால்? அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கையில் இருக்கிறதை இல்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறவனை என்ன செய்ய முடியும்? ஒன்றும் செய்ய முடியாது, வெளியில் நிற்கிறவனால் எது என்று கண்டுபிடிக்கவே முடியாது, இரண்டுக்கும் பதில் ஒன்றுபோலத்தான் வருகிறது. அவருக்கு அந்தக் கம்பெனிக்காரன்மேல் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருஷம் ஆகியிருக்குமா, செவ்வந்தி பிரித்து ஸ்டிக்கரை உரித்துக் கையில் கொடுத்து, "லேட்டஸ்ட்டுப்பா" என்று சொல்லி. கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது. புதுசு வாங்கிவிடலாம்தான். அது அடுத்த வருஷம் பழசாகும், அப்போது வேறு எதையாவது அதற்குக் குடுக்க மாட்டான். வாங்கினாலும் ஞாயிற்றுக்கிழமை இதில்தானே இருக்கிறது. இப்படி நினைத்துக்கொண்டே கால் தானாக அந்தப் பக்கம் போய்விட்டது.

மேஜைமேல் புதுப் போன்கள் வரிசையாக, பின்னால் கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள், கன்றுக்குட்டிகளைப்போல. ஒன்றில் ஏற்கெனவே அந்தத் திரை திறந்திருந்தது. 'பேசுங்கள்' என்று மேலே எழுதியிருந்தது. பக்கத்தில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு வேறு ஒரு போனில் கலர் கேட்டார்கள், அது இந்தத் திரையில் எழுத்தாக ஊர்ந்தது, 'இதுல ப்ளூ கலர் இல்லையா'. பார்த்துக்கொண்டே இருந்த மருதமுத்துவுக்கு இத்தனை நேரமும் தோன்றாதது தோன்றியது. அந்த இரண்டு பேரும் நகரும்வரை ஒரு விலைப்பட்டியலைப் படிப்பதுபோல நின்றார். நகர்ந்தார்கள். தன் போனை எடுத்து, புதுப் போனின் வாயோடு வாயாக ஒட்டி வைத்து, ஞாயிற்றுக்கிழமையை அழுத்தினார். குனிந்து இரண்டு கையாலும் சுற்றி மறைத்துக்கொண்டார்.

எழுத்து வந்தது. யார் பேசினார்கள் என்று அது பிரிக்கவில்லை, மகளுடையதும் தன்னுடையதும் ஒன்றன்கீழ் ஒன்றாக, புள்ளி இல்லாமல் கமா இல்லாமல் விழுந்தது. தன்னுடையதைக் கண்டுபிடிக்க அவருக்குக் கஷ்டமில்லை.

அப்பா நீ தனியாதான இருக்க
ஆமாம்மா
என்னால இங்க முடியலப்பா
ம்
அவரு இப்ப கை நீட்டறாரு
சரி சரி
போன வாரம் வெளிய தள்ளி கதவ சாத்திட்டாரு விடியற வரைக்கும் படியிலயே உக்காந்திருந்தேன்
உடம்பப் பாத்துக்கோ
நான் கெளம்பி அங்க வந்துரட்டுமாப்பா
எல்லாம் போகப் போக சரியாயிடும்மா

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. திரை வெறுமனே இருந்தது. அதுதான் அந்த இடைவெளி என்று அவருக்குத் தெரிந்தது. போனைக் காதிலிருந்து எடுத்து, கட்டாகிவிட்டதா என்று இவர் பார்த்துக்கொண்டிருந்த நேரம். புனேயில் அவள் ஏதோ ஒரு படியிலோ, குளியலறையிலோ நின்றுகொண்டு, அப்பா இன்னும் ஏதாவது சொல்வாரா என்று காத்திருந்த நேரம். பிறகு வந்தது.

அப்ப வர வேணாங்கறியா
ஆமாம்மா
அம்மாவும் இதேதான் சொல்லிட்டிருந்தா நீயும் அதையே சொல்ற சரி விடு

மருதமுத்து கடைசி வரியை மறுபடி மறுபடி படித்தார். அம்மாவும் இதேதான். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்த லோகாம்பாளின் முதுகு அவருக்குத் தெரிந்தது. எத்தனை சாயங்காலம். பேப்பருக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவள், போகப் போகச் சரியாயிடும். எந்தக் கேள்விக்கு அது பதில் என்று ஒரு நாளாவது கேட்டாரா? கேட்டார், என்னவாம் என்று. ஒண்ணுமில்ல என்றாள். அப்போது இவருக்குக் காது இந்த அளவுக்குப் போகவில்லை. அவள் சொல்லவில்லை, சொல்லாமலே வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தப் பதிலை மட்டும் இவர் பொறுக்கி எடுத்து, அழகாக, பொருத்தமாக, திருப்பிக் கொடுத்திருக்கிறார். அப்பாவால் முடியவில்லையா, மனசு வரவில்லையா என்று அந்தப் பெண் இத்தனை நாளாக அங்கே எப்படிக் கண்டுபிடிப்பாள்? அவளுக்கும் ஒரே பதில்தானே போயிருக்கிறது. மாடியில் ஓர் அறை பூட்டியே கிடக்கிறது. இரண்டு கட்டில் இருக்கிறது. அத்தனையும் வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

அவள் நம்பரை அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டு, புதுப் போனுக்குப் பக்கத்திலேயே பிடித்தார், எடுத்தால் இங்கேயே படித்துவிடலாம், பதில் சொல்லிவிடலாம், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், காது கேட்காது என்பதையும்தான், இனி அதை வைத்துக்கொண்டு என்ன. மணி அடிக்கிறது என்று உள்ளங்கை அதிர்விலிருந்து தெரிந்தது. திரையில் எழுத்து வரவில்லை. எடும்மா. அதிர்வு நின்றது. மறுபடி போட்டார், மறுபடி நின்றது. மெசேஜைத் திறந்து, 'கெளம்பி வந்துடு அப்பாவுக்கு அன்னிக்கு கேக்கல' என்று அடித்து அனுப்பினார். ஒரே ஒரு கோடு விழுந்தது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று இன்னொரு கோடு விழுமா என்று பார்த்துக்கொண்டு நின்றார். போனை அணைத்துவிட்டாளோ. யாராவது பிடுங்கிவிட்டார்களோ. தன்னையறியாமல் வாய்விட்டே சொல்லிவிட்டார், பக்கத்தில் அவள் நிற்பதுபோல.

எதிரே திரையில் அது விழுந்தது. 'வந்துடும்மா'. மகளுடைய கடைசி வரிக்கு நேர் கீழே, ஞாயிற்றுக்கிழமையே சொன்ன பதிலைப்போல.

"முடிஞ்சுதா சார்? பின்னால வெயிட் பண்றாங்க" என்று விற்பனைக்காரர் வந்து சொன்னதை, அதுவும் எழுத்தாக விழுந்த பிறகு திரையில்தான் மருதமுத்து பார்த்தார். பின்னால் ஒரு குடும்பமே நின்றுகொண்டிருந்தது. "கொஞ்சம் இருங்க தம்பி, அத அழிச்சிடாதீங்க" என்றார். அந்த வரியும் கீழே வந்து சேர்ந்தது. "டெமோ பீஸ் சார் இது, இதுல எதையும் வச்சுக்க முடியாது" என்று விற்பனைக்காரர் ஒரு விரலால் மேலே தள்ளினார். திரை வெள்ளையாயிற்று. 'பேசுங்கள்' என்றது.